கொள்ளைநோயும் மனசும்: இத்தாலியின் அறுநூற்றைம்பது வருடக் கதை

2020-ல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, எல்லா நாட்டு மருத்துவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி அறிவுரைகளைத்தான் சொன்னார்கள். செய்திகளை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று முன்பே திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டியவர்களோடு பேசிக்கொண்டே இருங்கள்.

கேட்டவர்களுக்கு இதெல்லாம் இந்தக் காலத்து மனநல நிபுணர்கள் கண்டுபிடித்த புது விஷயம் போலத் தோன்றியிருக்கும். ஆனால் 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில், கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், இதே அறிவுரைகளை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு அந்த அறிவுரைகள் யாருக்குப் பலித்தன, யாருக்குப் பலிக்கவில்லை என்பதற்கும் இத்தாலியின் வரலாற்றில் விடை இருக்கிறது.

மருத்துவர்களின் ஆறாவது விதி

1347 அக்டோபரில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த கப்பல்களோடு பிளேக் நோயும் கரை இறங்கியது. அடுத்த வருடமே பிளாரன்ஸ் நகரத்தைப் பிடித்துக்கொண்டது. வரலாற்றில் ‘கறுப்புச் சாவு’ என்று அழைக்கப்படுவது இதுதான். பிளாரன்ஸ் மக்களில் பாதிப் பேராவது செத்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அப்போதைய மருத்துவர்களுக்கு நோயின் காரணம் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், கிரகங்களின் சேர்க்கை என்றார்கள். பிளேக்கை உண்டாக்கும் பாக்டீரியாவை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-ல்தான். ஆனாலும் அந்த மருத்துவர்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். கிரேக்க மருத்துவர் கேலனின் வழியில் வந்த மருத்துவம், மனிதனின் ஆரோக்கியம் ஆறு விஷயங்களைப் பொறுத்தது என்று சொன்னது. காற்று, உணவும் பானமும், தூக்கமும் விழிப்பும், உழைப்பும் ஓய்வும், உடலில் தங்குவதும் வெளியேறுவதும் ஆகியவை முதல் ஐந்து. ஆறாவது, மனதின் உணர்ச்சிகள்! அதாவது கோபம், பயம், துக்கம், மகிழ்ச்சி. அரபு மருத்துவ நூல்களின் வழியாக இந்தப் பட்டியல் ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பயமும் துக்கமும் உடம்பின் சூட்டைக் குறைத்து, ஆளைப் பலவீனமாக்கி, நோய்க்கு வாசலைத் திறந்து விடுகின்றன என்று அவர்கள் நம்பினார்கள். 1348-ல் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் பிரான்ஸ் மன்னருக்காகத் தயாரித்த பிளேக் அறிக்கையில் கூட கோபம், அளவுக்கு மீறிய துக்கம், கவலை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிளாரன்ஸில் தொம்மாசோ தெல் கார்போ என்ற புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். 1370-ல் இறந்த இவர், பிளேக் காலத்தில் எப்படி வாழ வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். சாவைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்காதே, மனதுக்கு இதமானதை நினை, பாட்டுக் கேள், கதை கேள் என்பது அவருடைய அறிவுரை. மருந்துச் சீட்டில் கதையும் பாட்டும்!

பத்துப் பேர் போட்ட அட்டவணை

இந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தால் எப்படி இருக்கும் என்பதைக் கதையாக எழுதிக் காட்டியவர் ஜொவான்னி பொக்காச்சியோ. பிளேக் முடிந்த சில வருடங்களில் அவர் எழுதிய ‘டெக்கமரான்’ உலக இலக்கியங்களில் ஒன்று. அதன் முன்னுரையில் அவர் வர்ணிக்கும் பிளாரன்ஸ் பயங்கரமானது. அண்ணனைத் தம்பி கைவிடுகிறான், பெற்றோர் பிள்ளைகளையே பார்க்க மறுக்கிறார்கள்.

மக்கள் எப்படியெல்லாம் மனதைச் சமாளித்தார்கள் என்பதையும் அவர் ரகம் பிரிக்கிறார். சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அளவாகச் சாப்பிட்டு, வெளியில் நடக்கும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இசை கேட்டார்கள். சிலர் “இருக்கும் வரை அனுபவிப்போம்” என்று மதுக்கடை மதுக்கடையாகச் சுற்றினார்கள். சிலர் பூக்களையும் மூலிகைகளையும் மூக்கருகே பிடித்துக்கொண்டு வழக்கம் போல நடமாடினார்கள். சிலர் ஊரை விட்டே ஓடினார்கள். எல்லா ரகத்திலும் செத்தவர்கள் உண்டு, பிழைத்தவர்களும் உண்டு என்கிறார் பொக்காச்சியோ.

கதையில் ஏழு இளம் பெண்களும் மூன்று இளைஞர்களும் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் சந்திக்கிறார்கள். பாம்பினேயா என்ற பெண் சொல்கிறாள், வீட்டுக்குப் போனால் வேலைக்காரியைத் தவிர யாருமில்லை, எங்கே திரும்பினாலும் செத்தவர்களின் நிழல்தான் தெரிகிறது என்று. பத்துப் பேரும் நகரத்துக்கு வெளியே ஒரு மாளிகைக்குப் போகிறார்கள்.

அங்கே அவர்கள் போட்டுக்கொண்ட விதிகள்தான் முக்கியமானவை. ஒவ்வொரு நாளும் ஒருவர் ராஜா அல்லது ராணி. அன்றைய நாள் எப்படிப் போக வேண்டும் என்பது அவர் பொறுப்பு. காலையில் உலாவல், நேரத்துக்குச் சாப்பாடு, வெயில் நேரத்தில் ஓய்வு, பிறகு நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதை, இரவில் பாட்டும் ஆட்டமும். வெள்ளியும் சனியும் கதைக்கு விடுமுறை! எல்லாவற்றையும் விட, முதல் நாள் ராணியான பாம்பினேயா வேலைக்காரர்களுக்கு ஒரு கட்டளை போடுகிறாள். வெளியிலிருந்து நல்ல செய்தியைத் தவிர வேறு எந்தச் செய்தியையும் உள்ளே கொண்டுவரக் கூடாது! இரண்டு வாரத்தில் நூறு கதைகள் முடிகின்றன. எல்லோரும் பிளாரன்ஸுக்குத் திரும்புகிறார்கள்.

2020-ல் சொல்லப்பட்ட அறிவுரைகள் அத்தனையும் இதில் இருக்கின்றன. நேர ஒழுங்கு, செய்திக்குக் கட்டுப்பாடு, நல்ல கூட்டாளிகள், கதை, பாட்டு.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரும் பணக்காரர்கள். போய்த் தங்க மாளிகை இருந்தது. சமைத்துப் போட, படுக்கை விரிக்க ஏழு வேலைக்காரர்கள் கூடவே போனார்கள். நகரத்தில் ஏழைகள் வீடுகளிலும் தெருக்களிலும் கவனிப்பாரின்றிச் செத்ததையும் அதே பொக்காச்சியோதான் எழுதியிருக்கிறார். “மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்” என்ற மருந்தை வாங்க வசதி வேண்டியிருந்தது. வசதியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு விடை கிடைக்க இன்னும் இருநூறு வருடம் ஆனது.

ஜன்னலில் இருந்து பாடிய நகரம்

இடைப்பட்ட காலத்தில் இத்தாலிய நகரங்கள் தனிமைப்படுத்தலைக் கற்றுக்கொண்டிருந்தன. 1423-ல் வெனிஸ் நகரம் நோயாளிகளுக்காக ஒரு தீவில் நிரந்தர மருத்துவமனையை அமைத்தது. ‘குவாரண்டைன்’ என்ற சொல்லே நாற்பது என்ற பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். நாற்பது நாள் அடைந்து கிடப்பது உடம்புக்கு நல்லது என்றே வைத்துக்கொள்வோம். மனதுக்கு?

1576-ல் மிலான் நகரத்தில் பிளேக் பரவியது. ஆளுநரும் பிரபுக்கள் பலரும் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பேராயர் கார்லோ போரோமியோ கிளம்பவில்லை. அந்த வருடக் கடைசியில் நகரம் முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டு, லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் வீடுகளுக்குள் முடங்கியது. தேவாலயத்துக்குப் போக முடியாது. கடவுள் நம்பிக்கையே வாழ்க்கையாக இருந்த மக்களுக்கு அது பெரிய இடி.

போரோமியோ கோயிலைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். தெருச் சந்திப்புகளில் பீடங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் ஜன்னலில் நின்றபடியே பூசையைப் பார்க்கலாம். பிரார்த்தனைகளும் பாடல்களும் அடங்கிய சிறு புத்தகங்கள் அச்சடித்துக் கொடுக்கப்பட்டன. பகலும் இரவுமாக ஒரு நாளைக்கு ஏழு முறை மணி அடிக்கும். மணி அடித்ததும் எல்லோரும் ஜன்னலுக்கோ வாசலுக்கோ வந்து நிற்க வேண்டும். ஒருவர் முதல் அடியைப் பாடுவார், தெருவே பதில் பாடும். பாவ்லோ பிஷோலா என்ற பாதிரியார் 1577-ல் வெளியிட்ட குறிப்பு ஒன்றில் இந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறார்.

இதில் மூன்று விஷயங்கள் ஒன்றாக நடந்தன. முதலாவது, நாளுக்கு ஒரு ஒழுங்கு கிடைத்தது. விடிவதும் இருட்டுவதும் ஒன்றாகத் தெரியும் அடைப்பில், அடுத்த மணிக்காகக் காத்திருக்க ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது, எதிர் வீட்டுக்காரரின் முகமும் குரலும் தினமும் ஏழு முறை கிடைத்தன. ஒரு ஜன்னலில் குரல் கேட்கவில்லை என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். மூன்றாவது, இதற்கு மாளிகை தேவையில்லை. ஜன்னல் இருந்தால் போதும். டெக்கமரானில் பத்துப் பணக்காரர்களுக்குக் கிடைத்தது மிலானில் ஒரு தெருவுக்கே கிடைத்தது.

போரோமியோ செய்தது எல்லாமே சரி என்று சொல்லிவிட முடியாது. மக்களின் பாவங்களுக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் பிளேக் என்று அவர் போதித்தார். மருத்துவர்கள் சந்தோஷமாக இரு என்றார்கள், பேராயர் அழுது மன்னிப்புக் கேள் என்றார். அடைப்புக்கு முன்னால், கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெறுங்காலுடன் அவர் நடத்திய ஊர்வலங்களைப் பார்த்து சுகாதார அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். ஆறுதலும் குற்ற உணர்ச்சியும் கலந்தே பரிமாறப்பட்டன. நோயில் சுமார் 17,000 பேர் இறந்தார்கள். ஆனாலும் அந்த அடைப்புக் காலத்தில் அந்த ஊர் மனிதர்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை என்பதுதான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அதே ஜன்னலில் இருந்து வந்த பயம்

பயத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மிலானே சாட்சி. 1630-ல் மறுபடியும் பிளேக். இந்த முறை போருக்கு வந்த ஜெர்மானியப் படைகளோடு வந்தது. ஜூன் 11 அன்று, மக்களின் வற்புறுத்தலால், 1610-ல் புனிதராக அறிவிக்கப்பட்டிருந்த அதே போரோமியோவின் உடலைச் சுமந்து ஒரு பெரிய ஊர்வலம் நடந்தது. அதற்குப் பிறகு சாவு எண்ணிக்கை ஏறியது. கூட்டம் கூடியதுதான் காரணம் என்று பலரும் ஏற்கவில்லை. யாரோ சுவர்களில் விஷம் பூசுகிறார்கள் என்று நம்பினார்கள். அப்படிப் பூசுகிறவர்களுக்கு ‘உன்தோரி’ என்று ஒரு பெயரே இருந்தது.

ஜூன் 21 காலை, மழை பெய்துகொண்டிருந்தது. கத்தரீனா ரோசா என்ற பெண் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். தெருவில் ஒருவன் சுவரை ஒட்டி நடந்து போகிறான், கையைச் சுவரில் தேய்க்கிறான். அவ்வளவுதான்! அந்த ஆள் குலியெல்மோ பியாத்சா, சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர். விரலில் இருந்த மையைத் துடைத்திருக்கிறார். சித்திரவதை செய்தார்கள். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்று ஆசை காட்டினார்கள். அவர் ஜான் ஜாக்கோமோ மோரா என்ற முடிதிருத்துபவரின் பெயரைச் சொன்னார். மோராவின் வீட்டில் துணி வெளுக்கும் காரத் தண்ணீர் இருந்தது. அதையே விஷம் என்றார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். மோராவின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் ஒரு தூணை நட்டார்கள். ‘அவமானத் தூண்’ என்று அதற்குப் பெயர். அது 1778 வரை அங்கேயே நின்றது. பிறகு, அவமானம் மோராவுக்கு அல்ல, தீர்ப்புச் சொன்னவர்களுக்குத்தான் என்று இத்தாலியர்கள் உணர்ந்தார்கள். எழுத்தாளர் அலெஸ்ஸாந்த்ரோ மான்சோனி இந்த வழக்கைப் பற்றி 1840-ல் தனி நூலே எழுதினார்.

1576-ல் ஜன்னல் வழியாகப் பாட்டு வந்தது. 1630-ல் அதே ஊரின் ஜன்னல் வழியாகச் சந்தேகம் வந்தது. ஐம்பத்து நான்கு வருடங்களில் மனிதர்கள் ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை. பயம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருந்தது. 1576-ல் அந்தப் பயத்துக்கு ஒன்றாகச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. 1630-ல் அதற்கு ஒரு எதிரிதான் கிடைத்தான்.

வயிறு நிறைந்தால்தான் மனசு

அதே நோய் பிளாரன்ஸையும் தொட்டது. 1631 ஜனவரியில் நகரம் முழுவதும் நாற்பது நாள் அடைக்கப்பட்டது. ‘சனித்தா’ என்ற சுகாதாரக் குழு இதை நடத்தியது. ஏழைகளை அடைத்து வைத்தால் அவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்பதை இந்தக் குழு புரிந்துகொண்டிருந்தது. தினமும் வீட்டு வாசலுக்கு ரொட்டியும் திராட்சை மதுவும் வந்தன. சில நாள் இறைச்சி, சில நாள் அரிசியும் பாலாடைக்கட்டியும். ஒரு நாள் மிளகும் பெருஞ்சீரகமும் ரோஸ்மேரியும் சேர்த்த சாசேஜ்! ஏழைகளின் வீடுகளில் நாற்றமடித்த வைக்கோல் மெத்தைகளை எடுத்துவிட்டுப் புதியவை தந்தார்கள். இங்கேயும் தெருமுனைப் பீடங்களும் ஜன்னல் பிரார்த்தனையும் இருந்தன.

ஏழைகளுக்கு உட்கார வைத்துச் சோறு போட்டால் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். எந்தக் காலத்திலும் கேட்கிற பேச்சுதான் இது.

அடைப்பை மீறியதாக ஐநூறு பேருக்கு மேல் வழக்கில் சிக்கினார்கள். அந்த வழக்குக் குறிப்புகளைப் படித்தால் பெரிய குற்றவாளிகள் அதிகம் தென்படுவதில்லை. சீட்டாடியவர்கள், பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து நடனமாடிய அக்கா தங்கைகள், தோழியைப் பார்க்கப் போனவர்கள்... மருத்துவர்களே எழுதிக் கொடுத்த மருந்து அது! ஆனால் ஏழைகள் அதைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டபோது அது குற்றமானது.

பிளாரன்ஸில் மக்களில் சுமார் 12 சதவீதம் பேர் இறந்தார்கள். மிலானில் அது 46 சதவீதம். உணவு கொடுத்ததால் மட்டுமே இந்த வித்தியாசம் என்று சொல்ல முடியாது, நோயின் வேகம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற கவலையோடு இருப்பவரிடம் “கவலைப்படாதே” என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதை பிளாரன்ஸ் அதிகாரிகள் செயலில் காட்டிவிட்டார்கள்.

மறுபடியும் பால்கனி

2020 பிப்ரவரிக் கடைசியில், கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மிலான் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மான்சோனியின் நாவலில் வரும் 1630-ன் பிளேக்கை அவர்களுக்கு ஞாபகப்படுத்தினார். பீதியில் விழாதீர்கள், நல்ல புத்தகம் படியுங்கள், சக மனிதனை ஆபத்தாகப் பார்க்கத் தொடங்குவதுதான் பெரிய ஆபத்து என்பது அதன் சாரம். கடிதம் இத்தாலி முழுவதும் பரவியது.

மார்ச் 10 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சில நாட்களில் பால்கனிகளில் மக்கள் பாடத் தொடங்கினார்கள். கிதார் வைத்திருந்தவர் கிதாரோடு, ஒன்றும் இல்லாதவர் பாத்திரத்தோடு! உலகமே வியந்து பார்த்தது. ஆனால் வாரங்கள் போகப் போக, பெர்கமோ நகரத்திலிருந்து ராணுவ லாரிகளில் சவப்பெட்டிகள் போன பிறகு, பாட்டு அடங்கியது. பலருக்கு வேலை போயிருந்தது. பாட்டு மட்டும் போதவில்லை.

கொரோனாவின் முதல் வருடத்தில் உலக அளவில் பதற்ற நோயும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அதே வருடம் இத்தாலிய அரசு, உளவியலாளரைப் பார்ப்பதற்கு ஒருவருக்கு 600 யூரோ வரை உதவித்தொகை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஒதுக்கிய பணம் அதில் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் போதுமானதாக இருந்தது. கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று நினைத்த உதவிக்கு அவ்வளவு பெரிய வரிசை!

என்ன தெரிகிறது?

தொம்மாசோ தெல் கார்போ சொன்னது சரிதான். மனதையும் கவனிக்க வேண்டும். ஆனால் அதை ஒவ்வொருவரும் தன் சாமர்த்தியத்தால் செய்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டால், மாளிகை உள்ளவர்கள் மட்டும்தான் தப்பிப்பார்கள். மிலானில் யாரோ ஒருவர் மணி அடித்தார், யாரோ புத்தகம் அச்சடித்தார்கள். பிளாரன்ஸில் யாரோ ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தைரியம் என்று பிற்பாடு புகழப்பட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் இருந்தன.

அதனால் இப்படி ஒரு காலம் மறுபடி வந்து, மனசு ஒடிந்து போகிறவர்களைப் பார்த்தால், “இவனுக்கு மனவலிமை போதாது” என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அவர் சாப்பிட்டாரா, அவர் குரலை இன்று யாராவது கேட்டார்களா என்று முதலில் விசாரிக்கலாம். நோய் முடியும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் அது.